புல் இல்லாத இடத்தில் பச்சை வாடை

நான் படித்த படிப்புக்கு எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஓர் ஆர்டர் வந்தது போன சித்திரையில்தான். அதுவரை அது கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் சில எழுத்துகளாக ஒட்டிக்கொண்டு சும்மா இருந்தது.

படித்தது தாவரவியல். எம்.ஃபில். வரைக்கும் போனேன். பார்க்கிற வேலை, சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் புரூஃப் திருத்துவது. தினமும் விருதுநகரிலிருந்து பஸ் ஏறிப் போய், ராகுகாலமும் எமகண்டமும் அவரவர் இடத்தில் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருவேன். எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லாத சங்கதிகளில் எனக்கு அபாரமான துல்லியம் உண்டு. நம்பிக்கை உள்ள சங்கதிகளை யாரும் என்னிடம் கேட்பதில்லை.

எம்.ஃபில்.லுக்கு நான் எடுத்துக்கொண்டது மொச்சை. பச்சை மொச்சையை நசுக்கினால் ஏன் அந்த வாடை அடிக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. அதைச் செய்வது லிப்பாக்சிஜனேஸ் என்றொரு நொதி. ஊரில் யாராவது "என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டால் இந்தப் பெயரைச் சொல்வேன். பெரும்பாலும் பேச்சை மாற்றிவிடுவார்கள். என் மாமனார் மட்டும் குரலைத் தாழ்த்தி, "அதுக்கு மருந்து இருக்குல்ல, மருமகனே?" என்றார்.

விஷயம் எளிமையானதுதான். இலையின் ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்பாலான ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அதே உயிரணுவுக்குள்தான் இந்த நொதியும் குடியிருக்கிறது. இலை நலமாக இருக்கும்வரை இரண்டும் ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாத ஓரகத்திகள் மாதிரி ஒதுங்கியே இருக்கும். இலையைக் கிள்ளினாலோ, மாடு கடித்தாலோ, அரிவாள் பட்டாலோ சவ்வு உடைந்து கொழுப்பு அமிலங்கள் சிதறும். நொதி ஓடிப்போய் அவற்றில் ஆக்சிஜனைச் செருகும். அதன் கூட்டாளி ஒன்று அதை வெட்டித் துண்டாக்கும். அந்தச் சின்னத் துண்டு காற்றில் பறக்கும். அறுத்த புல்லின் வாசம் என்று நாம் சொல்வது அதைத்தான். வெள்ளரிக்காய் வாசமும் ஏறக்குறைய இதே கதை. முழு வெள்ளரிக்காயை முகர்ந்து பாருங்கள், பெரிதாக ஒன்றும் இருக்காது. கத்தி படவேண்டும்.

அதாவது, "ஆகா, பச்சை வாசம்" என்று நாம் மூச்சை இழுத்து அனுபவிப்பது காயத்தின் வாசத்தை. செடிக்கு வாய் இருந்திருந்தால் அதை நாம் சத்தம் என்றிருப்போம். கல்யாணமான புதிதில் இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கீரை ஆய்வது என் வேலை.

இந்தக் கதை அவள் தம்பிக்கும் தெரியும். அவன் ஏழாயிரம்பண்ணை பக்கம் ஒரு சின்னப் பட்டாசு கம்பெனியில் போர்மேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அத்தான், இலைய அறுத்தா வாசம் வரும்பீகள்ல. இலையே இல்லாத எடத்துல அந்த வாசம் வந்தா, அதுக்கு என்ன பேரு?"

"பேய்" என்றேன், விளையாட்டாக.

அவன் சிரிக்கவில்லை. "அதத்தான் அங்கன எல்லாரும் சொல்றாக. நீங்களும் அதையே சொல்றதுக்கு எம்.ஃபில். எதுக்கு?"

பட்டாசு கம்பெனி வளாகத்துக்குள் ஒரு புல் இருக்கக் கூடாது. முளைத்தால் காயும், காய்ந்தால் தீப்பிடிக்கும். ஆகவே செதுக்கிச் செதுக்கி, கரிசல் மண்ணை வழுக்கைத் தலை போல வைத்திருப்பார்கள். சித்திரையில் வளாகத்துக்கு வெளியிலும் பச்சை என்று சொல்லிக்கொள்ள வேலிக்கருவேலைத் தவிர எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில், புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற ஒரு ரூமில், பெண்கள் வேலைக்கு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அப்போதுதான் அறுத்த புல்லின் வாசம் வருகிறது. சற்று நேரத்தில் போய்விடுகிறது. மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் மறுபடி வருகிறது. ரூம் காலியாகக் கிடக்கும்போது இவன் தனியாகப் போய் வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்திருக்கிறான். ஒன்றும் இல்லை.

"ஆளு உள்ள இருந்தாத்தான் வருது, அத்தான். ஆளத் தேடி வருது."

"மொதல்ல யார் சொன்னா?"

"யாரு, அக்காதான்."

அக்கா என்றது இவனுக்கும் என் மனைவிக்கும் மூத்தவளை. எனக்கு மதினி. அந்த ரூமில்தான் அவளுக்கு வேலை. அவள் சொன்னால் ரூம் எழுந்துவிடும். அந்த ரூம் எழுந்தால் அடுத்தடுத்த ரூம்களும் எழுந்துவிடும். அதற்குக் காரணம் உண்டு.

சில வருடங்களுக்கு முன் மதினி பக்கத்துக் கம்பெனியில் இருந்தாள். ஒருநாள் மருந்தில் மாட்டு மூத்திர வாடை வருகிறது என்றாள். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டுவிட்டால் அப்படி ஒரு காரமான வாடை வரும், உள்ளுக்குள் சூடேறிக்கொண்டிருக்கும். அவள் எழுந்து வெளியே நடந்தாள். சிலர் கூடவே வந்தார்கள். சிலர் வரவில்லை. அந்தக் கம்பெனி அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

அதிலிருந்து அந்த வட்டாரத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் வந்துவிட்டது. சுவரில் எழுதிப் போட்டிருக்கும் விதிகளில் அது கிடையாது. யாராவது "வாடை" என்று சொன்னால் கையில் இருப்பதைப் பதறாமல் கீழே வைத்துவிட்டு, எழுந்து, வெளியே நடக்க வேண்டும். என்ன வாடை என்று உள்ளே உட்கார்ந்துகொண்டு கேட்கக் கூடாது. ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தாலும் சொன்னவளைக் கேலி செய்யக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் முக்கியம். கேலிக்குப் பயந்து ஒருத்தி ஒருநாள் வாயை மூடிக்கொண்டால், முதல் இரண்டு விதிகளாலும் பயனில்லை.

"தெனம் ரெண்டு தடவை வெளிய வந்து நிக்காக. சீசன் நேரம். நீங்க ஒருதடவை வந்து, இது இன்னதுன்னு சொல்லிட்டுப் போங்க. படிச்ச ஆளு சொன்னாக் கேப்பாக" என்றான் மச்சினன்.

படித்த ஆள் சொல்லி யாரும் எதையும் கேட்டதாக என் அனுபவத்தில் இல்லை. ஆனாலும் போனேன். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நறுக்கிய வெள்ளரிக்காய்த் தட்டுகள் ஜன்னலுக்கு ஜன்னல் நீண்டன. அந்த வாசத்தை இழுத்து, மூக்கைத் தீட்டி வைத்துக்கொண்டேன்.

கம்பெனி வாசலில் போனை வாங்கி மரப்பெட்டியில் போட்டார்கள். செருப்பைக் கழற்றினேன். பெல்ட்டில் இரும்பு பக்கிள் இருந்ததால் அதையும் கழற்றச் சொன்னார்கள். என் பேன்ட், பெல்ட்டை நம்பி வாழ்ந்துகொண்டிருந்த பேன்ட். ஆக, அறிவியலின் பிரதிநிதியாக நான் அந்த வளாகத்துக்குள் பிரவேசித்தது, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி.

உள்ளே அமைதி வேறு மாதிரியானது. ரூம்கள் ஒன்றுக்கொன்று எட்டத்தில், வெள்ளையடித்து, கதவுகள் எல்லாம் திறந்தபடி நிற்கின்றன. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்பது தெரியும். சத்தம் வராது. மருந்தோடு இருக்கிறவர்கள் சத்தமாகப் பேசமாட்டார்கள். வெயிலில் என் நிழல் காலுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்தது.

ஒவ்வொரு ரூம் வாசலிலும் சுவரில் ஒரு செம்புத் தகடு, கீழே நனைத்துப் போட்ட ஒரு சாக்கு. உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று தகட்டைத் தொட்டு, ஈரச் சாக்கில் காலை வைத்துத்தான் உள்ளே போக வேண்டும். ரூமுக்கு நாலு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். எனக்கு இடம் விட்டு ஒருத்தி எழுந்தாள். வாய்த்துடுக்கான பெண் என்பது எழுந்த விதத்திலேயே தெரிந்தது.

"எடம் விடுங்கப்பா, போர்மேன் அத்தான் புஸ்வாணம் அடைக்க வந்திருக்காக. பேன்ட்ட விட்டாத்தான் அடைக்க முடியும், பாத்துக்கிடுங்க."

மதினி மட்டும் சிரிக்காமல், "வாங்க கொழுந்தனாரே, அந்த ஓரத்துல உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். வெள்ளைச் சுவர், சாம்பல் நிறக் காகிதக் கூம்புகள், சட்டியில் வெள்ளி நிறத்தில் மின்னும் மருந்து. பச்சை என்று சொல்ல ஒரு வளையல் கூட அங்கே இல்லை. கண்ணாடி வளையல் தவிர வேறு போடக்கூடாது, அன்று யாரும் பச்சை போட்டிருக்கவில்லை.

அப்போது அது வந்தது.

சந்தேகமே இல்லை. யாரோ ஒரு கட்டுப் புல்லை என் முகத்துக்கு நேரே அறுத்தது போல. கூடவே ஒரு வெள்ளரிக்காய் நெடி. பெண்களின் கைகள் ஒரே நேரத்தில் நின்றன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. என் முன்கை மயிர் நிமிர்ந்ததை நானே பார்த்தேன்.

மற்றவர்களைவிட நான்தான் அதிகம் பயந்திருப்பேன். படிப்பினால் வந்த பயம். அவர்களுக்கு அது எங்கிருந்தோ வரும் ஒரு வாசம், அவ்வளவுதான். இந்த வாசம் சேமிப்பில் இருப்பது இல்லை என்பது எனக்குத் தெரியும். சந்தன வாசம் மாதிரி முன்பே தங்கி, பிறகு மெல்ல வருகிற சரக்கல்ல. அந்தந்த நொடியில் உண்டாகி, அந்தந்த நொடியில் பறப்பது. அது மூக்கில் பட்டால், கை எட்டும் தூரத்தில் பச்சையாக, உயிரோடு ஏதோ ஒன்று இப்போதுதான் உடைபட்டிருக்கிறது என்று பொருள். சுற்றிலும் பார்த்தேன். உயிரோடு இருந்தது நாங்கள் மட்டும்.

மதினி, "வாடை" என்றாள். கூம்புகளைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

வேலிப் பக்கம் நின்றோம். எனக்கு இடம் விட்ட பெண் இப்போது துடுக்கில்லாமல் சொன்னாள்: "அங்கன புல்லறுக்காக, சார். காலையிலயும் மத்தியானமும் அறுக்காக."

அங்கன என்று அவள் கை காட்டியது வேலிக்கு அப்பால். மதினி முன்பு வேலை பார்த்த, மூடிப்போன கம்பெனி. செதுக்க ஆளில்லாததால் அங்கே புல் இடுப்பளவு நின்றது. கம்பி வேலி வழியாக நெடுநேரம் பார்த்தேன். மழைக்கு வளர்ந்து வெயிலுக்கு வெளுத்த புல், வைக்கோல் போலக் காய்ந்து நின்றது. அறுத்த தடம் எங்கும் இல்லை. அறுத்திருந்தாலும் காய்ந்த புல்லுக்கு அந்த வாசம் வராது. இதை அந்தப் பெண்ணிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். காற்றே இல்லை. ஆனாலும் நடுவில், கூரை போன ஒரு ரூமின் பக்கத்தில், ஒரு கைப்பிடிப் புல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"ஓணான்" என்றேன்.

"ஆமா சார்" என்றாள் அவள், என்னைத் தேற்றுகிற குரலில்.

எனக்கு விளங்கியது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. கண்டுபிடித்தேன் என்று சொன்னால் அது என்னைப் பற்றிய மிகைக்கூற்று. தகட்டைத் தொட்டேன், வலது காலைச் சாக்கில் வைத்தேன், வழுக்கியது. பேன்ட்டைப் பிடித்திருந்த கையை விட்டுச் சுவரைப் பிடிப்பதா, விழுவதா என்ற கேள்வி எழுந்தது. மானத்தின் பக்கம் நின்று, விழுந்தேன். முகம் நேராகச் சாக்கில்.

அந்த வாசம் முழுசாக அங்கே இருந்தது.

எழுந்து உட்கார்ந்து சாக்கைப் புரட்டினேன். அந்தப் பக்கம் வெயிலே படாத வாசல். சீசன் தொடங்கியதிலிருந்து அதே சாக்கு, காயவே விடாமல் தண்ணீர். சணல் இழைகளுக்குள் கரும்பச்சையும் நீலமுமாக வெல்வெட் போலப் பாசி. நீலப்பசும்பாசி, பச்சைப்பாசி, இன்னும் பெயர் தெரியாத உறவுக்காரர்கள். இந்த நொதியின் குடும்பம் புல்லோடு நின்றுவிடுவதில்லை, பாசிகளிலும் உண்டு. கால் பட்டதும் பாசி நசுங்குகிறது, நொதி வேலையைத் தொடங்குகிறது, வாசம் எழுகிறது. ஈரக் காலோடு அது உள்ளேயும் வருகிறது. கொஞ்ச நேரத்தில் காலும் காய்ந்துவிடும், வாசமும் அடங்கிவிடும். ஆள் வந்தால்தான் வரும் என்றானே மச்சினன், அது சரி. ஆள்தான் கொண்டுவந்தது. அந்தக் கூட்டத்தில் எந்தப் பாசி வாசத்துக்கு எவ்வளவு பங்கு என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. சாக்கு என்று மட்டும் சத்தியம் செய்வேன்.

இன்னும் இரண்டு சங்கதிகள் அங்கேயே உட்கார்ந்தபடி புரிந்தன. பெண்களின் பாதங்களில் மருந்துத் தூள் ஒட்டியிருக்கும். அதில் வெடியுப்பு உண்டு. வெடியுப்பு பயிருக்கு நல்ல உரம். ஆக, வெளியே வரும் கால் பாசிக்குச் சோறு போட்டது, உள்ளே போகும் கால் அதை மிதித்தது. மற்றது, இவர்கள் பயந்ததால் செய்தது. வாசம் வர வர, மின்சாரம் சரியாக இறங்கவில்லையோ என்று சாக்குக்கு இன்னும் தண்ணீர் ஊற்றினார்கள். இன்னும் அழுத்தி நின்று தேய்த்துவிட்டு உள்ளே போனார்கள். வாடை என்று வெளியே ஓடி வந்ததும் மிதி, தைரியம் வந்து திரும்பியதும் மிதி. பயம் வாசத்தை வளர்த்தது, வாசம் பயத்தை வளர்த்தது. வேறு ஊரில் இப்படி நடக்காது. வேறு ஊரில் சாக்கு நாறினால் தூக்கி எறிந்துவிடுவார்கள். இங்கே அது உயிரைக் காக்கிற சாக்கு.

மச்சினனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சாக்கைக் கம்பில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ரூமாகப் போனான். "பாத்துக்கிடுங்க, இதான் உங்க பேயி! பாசி! எங்க அத்தான் விழுந்து கண்டுபிடிச்சது!" மற்ற ரூம் சாக்குகளிலும் கொஞ்சம் கொஞ்சம் பச்சை இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். இவ்வளவு நாள் அடக்கிவைத்த பயம் எல்லாம் சிரிப்பாக வந்தது. அந்தத் துடுக்குப் பெண்தான் முதலில் சொன்னாள்: "அப்ப நம்ம யக்காவுக்குப் பாசி மூக்கு!" யாரோ அதைச் சுருக்கி, "பாசியக்கா" என்றார்கள். மச்சினனும் சிரித்தான். சிரிக்கக் கூடாது என்ற வழக்கம் அவனுக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நானே சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மதினி தண்ணீர்த் தொட்டியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன்.

"கொழுந்தனாரே, வாசம் அடிச்சது நெசந்தானே?"

"நெசந்தான் மதினி. எனக்கும் அடிச்சதே."

"நான் பொய் சொல்லலைல்ல."

"இல்லவே இல்ல."

"அது பத்தாதே" என்றாள். காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "அன்னைக்கு அங்கன நான் சொன்னப்ப, பக்கத்து ரூமையும் சேத்து நாலு பேரு எந்திரிச்சாக. மத்தவுக, 'இந்தச் சட்டிய முடிச்சிட்டு வாறோம், நீ போ'ன்னாக. அவுக என்னைய நம்பாம இல்ல. வேல கொஞ்சந்தான் பாக்கி இருந்துச்சு. இப்ப இதுகளுக்குச் சிரிக்கவும் ஒண்ணு கெடச்சிருச்சு. இனிமே நான் வாடைன்னா, எந்திரிப்பாகளா? பாசிம்பாகளா?"

ஒரு செடியைக் கிள்ளினால், அந்த வாசத்தை வாங்கிக்கொண்டு பக்கத்துச் செடிகள் தங்கள் இலைகளில் தற்காப்பைக் கூட்டிக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். அதைச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். நல்லவேளை, மூடிக்கொண்டேன்.

வீட்டில் நான் விழுந்த கதையை நன்றாக நடித்துக் காட்டினேன். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பாசியக்காங்காகளா?" என்று மட்டும் கேட்டாள்.

"விளையாட்டுக்குத்தான்."

"வெளையாட்டுக்குத்தான் எங்கக்கா வாய அடச்சிட்டு வந்திருக்கீக."

சாக்குகளைத் தினமும் மாற்றிக் காயப்போடும்படி ஏற்பாடாயிற்று. வாசம் நின்றது. வேலை தடையில்லாமல் ஓடியது. மச்சினன் நன்றியாக ஒரு பெட்டி புஸ்வாணம் கொண்டுவந்து கொடுத்தான். அதை வீட்டுக்குள் எங்கே வைப்பது என்று தெரியாமல் இடம் மாற்றி மாற்றி வைத்தேன். எந்த இடத்தில் வைத்தாலும் அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வைகாசி முடிந்து ஆனியில், மதினி என் மனைவியோடு போனில் பேசியது காதில் விழுந்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"இப்பல்லாம் ஒண்ணும் சொல்றதில்லடீ. ஏதாச்சும் வாடை மாதிரி இருந்தா, நெசமா, இல்ல சாக்கான்னு ரெண்டு மூச்சு இழுத்துப் பாத்துக்கிடுதேன். உறுதியாத் தெரிஞ்சா எந்திரிக்கலாம்னு."

ரெண்டு மூச்சு. முன்பு அவளுக்கு அந்த இரண்டு மூச்சு தேவைப்பட்டதில்லை. முதல் மூச்சிலேயே எழுந்ததால்தான் இன்று போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். சரிபார்ப்பது என் பிழைப்பு, அதைப் பெரிய குணம் என்றே நினைத்து வாழ்ந்திருக்கிறேன். நான் படித்த அளவில், சரிபார்த்துவிட்டு வேலையைத் தொடங்குகிற நொதி எதுவும் கிடையாது. அது முதல் உடைப்பிலேயே தொடங்கிவிடும். அநாவசியமாகத் தொடங்கினால் ஓர் இலை வீண். அந்த வியாபாரம் எவ்வளவோ கோடி ஆண்டுகளாகக் கட்டுப்படியாகி வந்திருக்கிறது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மனைவி வெள்ளரிக்காய் நறுக்கியிருந்தாள். எனக்கு வேண்டாம் என்றேன்.

ஆடி பிறந்ததும், அக்கா நாலு நாள் இங்கே வந்து இருக்கட்டும் என்று மனைவி பிடிவாதமாகச் சொல்லி, கூட்டிவர என்னை அனுப்பினாள். இந்த முறை வேட்டியில் போனேன். வேலை முடிய நேரம் இருந்தது. மதினியின் ரூமுக்கு எதிரே, எட்டத்தில், தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார மச்சினன் அனுமதித்தான். தொட்டியின் உட்சுவரைத் தடவிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

திறந்த கதவு வழியாக நாலு பேரும் தெரிந்தார்கள். மதினி, அந்தத் துடுக்குப் பெண், இன்னும் இருவர். கூம்பை எடுப்பது, மருந்தை அடைப்பது, அடுக்குவது. பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கம் வரும் வேலை. ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. அது திடீரென்று நின்றது.

மதினியின் தலை லேசாக நிமிர்ந்தது.

எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை. அவ்வளவு தூரத்தில் அடிக்கவும் அடிக்காது. அவள் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியதைப் பார்த்தேன், அல்லது பார்த்ததாக நினைத்தேன். இரண்டாவது மூச்சுக்காக நான் காத்திருந்தேன். என் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் கையில் இருந்த கூம்பைக் கீழே வைத்தாள். எழுந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தகட்டையும் சாக்கையும் தாண்டி வெளியே வந்து, திரும்பிப் பார்க்காமல் வாசல் பக்கம் நடக்கத் தொடங்கினாள். ஓடவில்லை.

உள்ளே மூன்று ஜோடிக் கைகள் நின்றிருந்தன. அந்தத் துடுக்குப் பெண்ணின் சட்டியில் இன்னும் கொஞ்சம்தான் மருந்து இருந்தது. அவள் சட்டியைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். மறுபடி சட்டியைப் பார்த்தாள். இதற்கு ஒரு கணம்தான் ஆகியிருக்கும். எழுதும்போதுதான் நீளமாகிறது. பிறகு அவள் சட்டியை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். மற்ற இருவரும் எழுந்தார்கள். இடதுபக்க ரூமிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அதற்கு அடுத்த ரூமிலிருந்தும். வெயிலில் வெறுங்கால்களின் சத்தம் மட்டும்.

இவர்கள் எல்லாருக்கும் முன்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலை நெருங்கிவிட்டிருந்த ஆள் ஒருவர் உண்டு. அவர் எம்.ஃபில்.

வாசல் வேப்பமரத்தடியில் எல்லாரும் நின்றோம். மச்சினன் மூச்சு வாங்க வந்தான்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லலே. காலு மரத்துப்போச்சு. நிக்கலாம்னு வந்தேன்."

"காலு மரத்ததுக்கா அம்புட்டு ரூமும் காலியாகும்?"

"நான் யாரையும் கூப்புடலையே."

அது உண்மைதான். அவன் அந்தத் துடுக்குப் பெண்ணைப் பார்த்தான். "நீ எதுக்கு வந்தே?"

"எனக்கும் காலு மரத்துச்சு" என்றாள் அவள். மதினியை ஒட்டிப் போய் உட்கார்ந்தாள். "யக்கா, கொஞ்சம் தள்ளுங்க, நெழலு வேணும்." ஒவ்வொருத்தியாகச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாசியக்கா என்று யாரும் சொல்லவில்லை.

மச்சினன் கொஞ்சதூரம் திரும்பி நடந்தான். அந்த ரூமுக்குப் பாதி வழியில் நின்றான். திறந்த கதவுக்குள் கூம்புகள் வரிசையாக இருந்தன. அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டான்.

"அத்தான், நீங்க வந்து என்னன்னு பாக்கீகளா?"

"மாப்ளே, எனக்குப் பாசி மட்டுந்தான் தெரியும்."

அவனும் திரும்பி வந்துவிட்டான். நேரம் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதை அவ்வளவு பேர் சேர்ந்து அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை. அடங்கியிருந்த காற்று கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிளம்பியது. ரூமின் ஒரு கதவு ஆடிச் சுவரில் மோதியது. எல்லாருடைய தோள்களும் ஒன்றாகக் குலுங்கின.

வாசல் மரப்பெட்டிக்குள் மச்சினனின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். முதலாளி. மாலை லோடு ஏற்ற லாரி கிளம்பிவிட்டது என்று சொல்ல அடித்திருப்பார்.

"இன்னைக்கு லோடு இல்லைங்க" என்றான் அவன். "ஆளுகளை வெளிய எடுத்துட்டேன். வாடை அடிக்குதுங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. என்ன வாடை என்றுதான் கேட்டிருக்க வேண்டும். அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது தெரியலைங்க" என்றான். போனை மறுபடி பெட்டிக்குள் போட்டு மூடினான்.